கார்பன் பாடத்தை எதிலிருந்து தொடங்குவது: வைரமா, நிலக்கரியா, அடுப்புக்கரியா, பென்சிலா?

ஒன்பதாம் வகுப்பில் கார்பனின் புறவேற்றுமை வடிவங்களைக் கற்பிக்க வேண்டிய நாள் வரும்போது, ஆசிரியர் முன்னால் ஒரு முடிவு காத்திருக்கிறது. ஒரே தனிமம் வைரமாகவும் இருக்கிறது, பென்சில் குச்சியில் உள்ள கிராபைட்டாகவும் இருக்கிறது என்று சொல்லிவிட ஒரு பாடவேளை தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தில் மேசைமீது எந்தப் பொருளை எடுத்து வைக்கிறோமோ அதை மையமாக வைத்துத்தான் மற்றவை எல்லாம் பிள்ளைகளின் மனத்தில் இடம்பிடிக்கின்றன. பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியதில் நான்கு தொடக்கங்களையும் முயன்று பார்த்துவிட்டேன். வைரத்தில் தொடங்கிய ஆண்டுகள் உண்டு. நிலக்கரியில் தொடங்கியதும் உண்டு. அடுப்புக்கரியும் பென்சிலும் பின்னால் வந்தன. பாடம் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று அந்த நான்கையும் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

ஒவ்வொரு பொருளையும் நான் எடைபோட்டது இப்படித்தான். பிள்ளைகளின் கைக்கு அது எட்டுமா? அதன் குணத்தை அவர்கள் கண்ணாலேயே காண முடியுமா? அந்தக் குணத்துக்கும் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைக்கும் உள்ள தொடர்பு சுற்றிவளைக்காமல் விளங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிழையான எண்ணம் எதையாவது அது விதைத்துவிட்டுப் போகுமா? இந்தக் கடைசிக் கேள்வியை முதல் சில ஆண்டுகள் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவி, பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் பிரிவில் சேர்ந்தபின் ஒருநாள், “நிலக்கரிதானே சார் பூமிக்குள்ள ரொம்ப காலம் அழுந்தி வைரமா மாறுது?” என்று உறுதியாகச் சொன்னபோதுதான் அது எனக்கு உறைத்தது. அவள் அதை எங்கோ படித்திருக்கலாம். ஆனால் நான் பொருள்களை அடுக்கிய வரிசையும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்திருந்தது.

பெரும்பாலான வகுப்பறைகளில் பாடம் வைரத்தில்தான் தொடங்குகிறது. காரணம் எளிதில் புரியும். வைரம் என்றதும் கடைசி வரிசையில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருகிறார். கரும்பலகையில் வரைவதற்கும் அதன் அமைப்பு நேர்த்தியானது. ஒவ்வொரு கார்பன் அணுவும் ஒரு நான்முகியின் நடுவில் நின்று, நான்கு திசையிலும் உள்ள நான்கு அணுக்களைச் சகப்பிணைப்பால் பற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிணைப்புகளும் 1.54 ஆங்ஸ்ட்ராம் நீளம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). எந்தப் பக்கம் போனாலும் அதே பிடி. ஒரு காரட் என்பது 0.2 கிராம். அந்தச் சின்னஞ்சிறு கல்லில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, ஒன்றை எழுதி அதன் பின்னால் 22 சுழியங்களைப் போட்டால் வரும் எண்ணுக்கு அருகில் இருக்கிறது. அத்தனை அணுக்களும் இடையறாமல் பிணைந்து நிற்பதால் முழுக் கல்லையும் ஒரே மூலக்கூறு என்று சொல்லலாம் என்பதைக் கேட்டதும் பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன். வைரத்தின் கடினம் மட்டுமல்ல, வெப்பத்தைக் கடத்தும் திறனும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக அது வெப்பத்தைக் கடத்தும். நகைக்கடையில் கல்லைச் சோதிக்க வைத்திருக்கும் பேனா போன்ற கருவி அளப்பதும் இதைத்தான்: சூடான அதன் முனையிலிருந்து கல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்பதை.

ஆனால் வைரம் வகுப்பறைக்கு வருவதில்லை. படத்தைக் காட்டலாம், கண்ணாடிக் கல்லைக் காட்டலாம். இரண்டும் வைரம் அல்ல. “யார் வீட்டில் வைரத் தோடு இருக்கிறது?” என்ற கேள்வியை மட்டும் எந்த ஆசிரியரும் கேட்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேள்வி வேதியியல் வகுப்பை ஒரே நொடியில் பொருளாதாரக் கணக்கெடுப்பாக மாற்றிவிடும். தலைகுனியும் பிள்ளைக்கு அதன்பின் நான்முகி எங்கே ஏறப்போகிறது? உண்மையான வைரத்தைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் அதற்கு மலிவான வழி இருக்கிறது. டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கப் பயன்படும் வட்டத் தகட்டை வன்பொருள் கடையில் வாங்கி வாருங்கள். அதன் விளிம்பில் உலோகத்தோடு சேர்த்துப் பதித்திருப்பது வைரப்பொடி. ஆலையில் செய்யப்பட்ட வைரம்தான் என்றாலும் அணு அமைப்பில் மண்ணிலிருந்து எடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடில்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரில் டிரேசி ஹால் அழுத்தமும் வெப்பமும் கொடுத்துச் செய்துகாட்டிய வழியின் தொடர்ச்சி அது. தகட்டின் விளிம்பை விரலால் மெல்ல வருடச் சொன்னால், சாம்பல் நிறத்தில், மினுக்கமே இல்லாமல், உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். வைரத்தின் இயல்பு மினுக்கத்தில் இல்லை, பிணைப்பில் இருக்கிறது என்று சொல்ல அதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. நம் மொழியில் மரத்தின் முற்றிய உள்தண்டையும் வைரம் என்றுதான் சொல்கிறோம். வைரம் பாய்ந்த கட்டை என்னும்போது யாரும் மினுக்கத்தை நினைப்பதில்லை, உறுதியைத்தான் நினைக்கிறோம்.

வைரம் கார்பன்தான் என்பதை மனிதர்கள் கண்டறிந்த வரலாறும் வைரத்தின் பக்கம் நிற்கும் ஒரு வலுவான காரணம். பாரிசில் 1772இல் லவாய்சியர் பெரிய குவிலென்சால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துப் பார்த்தார். இங்கிலாந்தில் 1797இல் ஸ்மித்சன் டென்னன்ட், எடையில் சமமான வைரமும் கரியும் எரியும்போது ஒரே அளவு கார்பன் டை ஆக்சைடுதான் வருகிறது என்று காட்டினார். பிளாரன்சில் 1814இல் ஹம்ப்ரி டேவி, இளைஞரான மைக்கேல் பாரடேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு வைரத்தைக் குவிலென்சால் எரித்தார். எரித்தபின் கிடைக்கும் வாயுவை வைத்து எரிந்த பொருள் எது என்று கண்டுபிடிக்கும் இந்தத் தருக்கம் மிக அழகானது. ஆனால் கார்பன் என்றால் என்ன என்பதே இன்னும் தெளியாத பிள்ளைக்கு அதை முதலில் சொல்லிப் பயனில்லை. வேறொரு வடிவத்தை அறிந்தபின் சொன்னால்தான் டென்னன்டின் இரண்டு எடைகள் ஏன் வியப்புக்குரியவை என்பது விளங்கும். ஆகவே வைரம் இரண்டாவதாக வரவேண்டிய பொருள்.

நிலக்கரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் நிலக்கரியில் தொடங்கும் ஆசைக்கு நியாயமான காரணம் இருக்கிறது: நெய்வேலி. கடலூர் மாவட்டத்தில் 1930-களில் கிணறு தோண்டும்போது வெளிவந்த கரிய பொருளிலிருந்து தொடங்கி, 1956இல் பொதுத்துறை நிறுவனம் உருவானது வரையிலான கதையைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்பார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றை உறவினர் மூலம் பெற்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். சில துண்டுகளில் மரத்தின் நாரோட்டம் அப்படியே தெரியும். விரல்நகத்தால் கீறினால் பழுப்பாகப் பொடி உதிரும். சில நாள் வெயில்படும் சன்னலில் வைத்திருந்தால் ஈரம் வற்றி, வண்டல் காய்ந்த குளம்போல வெடிப்பு விட்டு உடைந்துபோகும். வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்தான். தாவரம் கல்லாகும் பயணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை.

ஆனால் நாம் கற்பிக்க வந்தது அந்தப் பயணத்தை அல்ல, ஒரு தனிமத்தின் வேறுபட்ட வடிவங்களை. பாடநூல்களில் நிலக்கரியைப் ‘படிக வடிவமற்ற கார்பன்’ என்ற தலைப்பின்கீழ், வைரத்துக்கும் கிராபைட்டுக்கும் அடுத்த பத்தியில் வைப்பது நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் பிள்ளையிடம் சொல்லாமல் சொல்வது, நிலக்கரியும் வைரத்தைப் போலத் தூய கார்பன், அடுக்கு மட்டும் ஒழுங்கற்றது என்பதை. அது உண்மையல்ல. நிலக்கரி ஒரு பாறை. கார்பனோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் ஆகியவை சேர்ந்த பெரிய மூலக்கூறுகளும், அவற்றின் இடையே மண்ணும் கனிமங்களும் ஈரமும் கலந்த கலவை. ஒரு கலவையைத் தனிமத்தின் வடிவம் என்று அழைக்க முடியாது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது. கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாயில் காய்ந்த பழுப்பு நிலக்கரிப் பொடியைச் சிட்டிகையளவு போட்டு, குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துச் சுடரில் காட்டினால், முதலில் குழாயின் குளிர்ந்த பகுதியில் நீர்த்துளிகள் படிகின்றன. காய்ந்தது என்று நினைத்த பொடியிலிருந்தும் நீர் வருகிறது. அடுத்து மஞ்சள் கலந்த புகை எழுகிறது, பழுப்பு நிறத் தார் ஒழுகுகிறது, மூக்கை உறுத்தும் மணம் வருகிறது. பக்கத்தில் இன்னொரு குழாயில் கிராபைட் பொடியை எடுத்து அதே சுடரில் அதே நேரம் காட்டினால் ஒன்றுமே நடப்பதில்லை. இரண்டு குழாய்களையும் அருகருகே நிறுத்திவிட்டால் ஆசிரியர் விளக்க வேண்டியது மிகக் குறைவு. சன்னல்களைத் திறந்துவைத்து, இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: கிராபைட்டுக்குப் பதிலாகப் பென்சில் குச்சியைப் பொடித்துப் போட்டுவிடாதீர்கள், அதில் மெழுகு ஊறியிருக்கும், அதுவும் புகைந்து சோதனையையே கெடுத்துவிடும். பூட்டுக்குப் போடும் கிராபைட் பொடி வன்பொருள் கடையில் கிடைக்கிறது, அதுவே நல்லது.

இனி அந்த மாணவியின் கேள்வி. நிலக்கரி அழுந்தி வைரமாகுமா என்பதற்கு விடை, ஆழத்திலும் வயதிலும் இருக்கிறது. நிலக்கரிப் படுகைகள் பூமியின் மேலோட்டில், மிஞ்சிப்போனால் சில கிலோமீட்டர் ஆழத்தில், வண்டல் பாறைகளின் இடையே பாய் விரித்ததுபோலக் கிடக்கின்றன. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை கண்டங்களின் பழைய அடித்தளங்களுக்குக் கீழே 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 50,000 மடங்கு அழுத்தத்திலும் ஆயிரம் டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலும் உருவானவை. அங்கே வைரத்துக்குக் கார்பனைக் கொடுத்தது, மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்துப் பாறைகளுக்குள் ஊடுருவிச் சென்ற, கார்பன் கலந்த பாய்மங்கள். அங்கிருந்து அவற்றை மேலே கொண்டுவந்தவை, கிம்பர்லைட் போன்ற எரிமலைப் பாறை நிறைந்த குழாய்கள். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியும் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவும் அப்படிப்பட்ட செங்குத்துக் குழாய்கள் மேற்பரப்பைத் தொட்ட இடங்கள். ஒன்று கிடைமட்டப் படுகை, மற்றது செங்குத்துக் குழாய். வரைபடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாலே பிள்ளைகளுக்குப் பாதி விளங்கிவிடும்.

மீதியை வயது விளக்கும். வைரங்களில் பெரும்பாலானவற்றின் வயது 100 கோடி ஆண்டுகளிலிருந்து 350 கோடி ஆண்டுகள்வரை. தாவரங்கள் நிலத்தில் கால்பதித்து ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தியாவின் பெரிய கோண்டுவானா நிலக்கரி வயல்கள் 25 முதல் 30 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. நெய்வேலியோ சில கோடி ஆண்டுகள்தான். மரமே இல்லாத காலத்தில் உருவான கல்லுக்கு மரத்திலிருந்து வந்த கரி எப்படித் தாயாகும்? கடல் தரையோடு சேர்ந்து ஆழத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்ட கார்பன் சில வைரங்களில் இருப்பது உண்மைதான். ஆனால் அது கடலடி வண்டலின் கார்பன், நிலக்கரிப் படுகை அல்ல.

நிலக்கரி மேலும் மேலும் அழுந்தினால் உண்மையில் எதுவாகிறது என்பது இதைவிடச் சுவையான செய்தி. பழுப்பு நிலக்கரி, பிட்டுமினஸ், ஆந்த்ரசைட் என்று கார்பனின் பங்கு ஏறிக்கொண்டே போகும் படிகளில், ஆந்த்ரசைட்டையும் தாண்டி மலையாக்கத்தின் வெப்பத்தில் சிக்கும் படுகை கிராபைட்டாக மாறுகிறது. அதுவும் எல்லாக் கரிக்கும் ஒரேபோல வாய்ப்பதில்லை. பின்னாளில் டி.என்.ஏ. படங்களுக்காகப் புகழ்பெற்ற ரோசலிண்ட் பிராங்க்ளின், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942இலிருந்து பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வு அமைப்பில் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்தவர். சூடேற்றினால் கிராபைட்டாக ஒழுங்குபடும் கார்பன்கள், எவ்வளவு சூடேற்றினாலும் அப்படி ஒழுங்குபடாத கார்பன்கள் என இரண்டு வகை உண்டு என்பதை 1951இல் எக்ஸ் கதிர் ஆய்வின் வழியாகத் தெளிவுபடுத்தியவரும் அவரே. நிலக்கரிப் பாடத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு எப்போதும் குறையாகவே படும். இவ்வளவு வளம் இருந்தும், முதல் பத்து நிமிடத்துக்கு நிலக்கரி ஏற்றதல்ல; அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும்.

அடுப்புக்கரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது பிள்ளைகளுக்கு அறிமுகமான பொருள். தெருவோரத்து இஸ்திரிப் பெட்டியிலும் சோளம் சுடும் வண்டியிலும் பார்த்தது. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரிமூட்டம் போடுவதும் தெரிந்திருக்கும்: சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, காற்று அதிகம் புகாமல் நாட்கணக்கில் புகையவிடுவது. காற்றைத் தடுப்பதால் மரத்திலிருந்து நீரும் எரிவாயுக்களும் வெளியேறிக் கார்பன் தங்குகிறது. இதைச் சொல்லும்போதே மேலே சொன்ன சோதனைக்குழாயின் புகை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும். கொட்டாங்கச்சிக் கரியை நீராவியில் மேலும் சூடேற்றிக் கிளர்வூட்டிய கரியை ஒரு சிட்டிகை எடுத்து, நீல மை கலந்த நீரில் போட்டுக் கலக்கி வடிகட்டினால், மறுபக்கம் தெளிந்த நீர் வருவதைக் காணலாம். அத்தகைய கரியின் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு இருக்கக்கூடும். காட்சியாகப் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆயினும் இங்கே வேலைசெய்வது துளைகளும் பரப்பும். அணு அடுக்கு என்ற நம் மையக் கருத்து பின்னால் ஒளிந்துவிடுகிறது. கரியின் உள்ளே இருப்பவை கிராபைட்டின் ஏடுகளைப் போன்ற மிகச்சிறு துணுக்குகள், தாறுமாறாகக் கசங்கி அடைந்து கிடப்பவை என்று சொன்னால், கிராபைட் என்றால் என்ன என்று பிள்ளை கேட்கும். கேள்வி அங்கேதான் போய் நிற்கிறது.

ஆகவே பென்சில். நான்கு தொடக்கங்களில் இதையே இப்போது பரிந்துரைக்கிறேன். ஒவ்வொருவர் பையிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. வாங்க வேண்டியதில்லை, யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. முதலில் அதன் பெயரிலேயே ஒரு பாடம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் பென்சில் குச்சியைக் காரீயம் என்பார்கள். அதில் ஈயம் துளியும் இல்லை. ஐரோப்பாவிலும் இதைக் கரிய ஈயம் என்றே நெடுங்காலம் அழைத்தார்கள்; சுவீடனின் கார்ல் வில்லெம் ஷீலே 1779இல் அதை ஆக்சிசனேற்றம் செய்து அது கார்பன் என்று காட்டினார். பிரான்சில் நிக்கோலா-ஜாக் கோன்டே 1795இல் கிராபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுக் குச்சியாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்றைய பென்சில் அந்த வழியில் வந்ததுதான். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். கிராபைட் கூடினால் கோடு கறுக்கும். பென்சில் குச்சி தூய கிராபைட் அல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, தாளில் ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு என்பது குச்சியிலிருந்து வழுக்கி இறங்கிய கார்பன் ஏடுகள். ஒவ்வோர் ஏட்டிலும் கார்பன் அணுக்கள் அறுகோணங்களாக, ஒவ்வொன்றும் மூன்று அணுக்களைப் பற்றி நிற்கின்றன. ஏட்டுக்குள் பிணைப்பின் நீளம் 1.42 ஆங்ஸ்ட்ராம், அடுத்த ஏட்டுக்கான தொலைவோ 3.35 ஆங்ஸ்ட்ராம். எண்ணெய் தடவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளைப் போல, தட்டு ஒவ்வொன்றும் உறுதியானது, அடுக்குதான் வழுக்குகிறது. ஏட்டுக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிடக் குறுகியது, வலுவானது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். எண்களைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். மென்மை என்பது அணுக்களின் குணமல்ல, அடுக்கின் குணம் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மூன்று அணுக்களைப் பற்றியபின் ஒவ்வொரு கார்பனிடமும் மிஞ்சும் நான்காவது எலக்ட்ரான் ஏடு முழுக்க உலாவுகிறது. அதனால் கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். இதைக் காட்ட 6பி போன்ற மென்மையான பென்சிலால் தடித்த பட்டையாக ஒரு கோட்டை அழுத்தித் தீட்டி, 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையைக் கோட்டின் ஒரு ஓரத்தில் வைத்து, மறுமுனையில் இணைத்த எல்.இ.டி. விளக்கின் காலைக் கோட்டின்மீது நகர்த்துங்கள். தொலைவில் மங்கலாக எரியும் விளக்கு, கோட்டின் நீளம் குறையக் குறையப் பிரகாசமாகும். காலைப் பேட்டரி முனையில் நேராகத் தொடவிடாதீர்கள், விளக்கு கருகிவிடும். தாளில் வரைந்த கோடு கம்பியாக வேலைசெய்வதைப் பார்த்த வகுப்பில், வைரம் மின்சாரத்தைக் கடத்துமா என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்கிறார்கள். கடத்தாது, ஏனென்றால் அங்கே நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. வைரத்துக்குள் நுழைய இதுவே சரியான வாசல்.

ஒட்டுநாடாவில் கிராபைட் பொடியைத் தடவி, மடித்து ஒட்டிப் பிரித்து, மீண்டும் ஒட்டிப் பிரித்தால் கறை மெலிந்து பரவிக்கொண்டே போகும். மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் இந்த வழியில்தான் ஓரணுத் தடிமனுள்ள கிராபீன் ஏட்டைப் பிரித்து 2004இல் வெளியிட்டார்கள். 2010இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். இது நம் மண்ணுக்கும் அயலான பொருள் அல்ல. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராபைட்டை வெட்டியெடுக்கிறது. இலங்கையின் போகலவிலும் கஹட்டகஹவிலும் பாறை வெடிப்புகளில் நரம்புபோல ஓடும் மிகத் தூய கிராபைட் கிடைக்கிறது.

பென்சிலில் தொடங்குவதற்கு இன்னொரு வலுவான காரணம், கார்பனின் இயல்பான இருப்பிடம் கிராபைட்தான் என்பது. நாம் வாழும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் நிலையான வடிவம் அதுவே. ஒரு மோல், அதாவது 12 கிராம், கிராபைட் எரிந்தால் 393.5 கிலோஜூல் வெளிப்படும், ஒரு மோல் வைரம் எரிந்தால் 395.4 கிலோஜூல். அந்தச் சிறு மிகுதி, வைரம் சற்று உயரத்தில் இருக்கும் பள்ளத்தில் தங்கிவிட்ட பந்து என்பதைக் காட்டுகிறது. கீழே உருள இடையில் ஒரு பெரிய மேடு தடுப்பதால்தான் தோட்டில் பதித்த கல் கோடி கோடி ஆண்டுகள் மாறாமல் இருக்கிறது. அந்த மேட்டைக் கடந்த வைரங்களும் உண்டு: மொராக்கோவின் பெனி புசேரா மலையில், எட்டு முகம் கொண்ட வைரப் படிகத்தின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளே முழுதும் கிராபைட்டாகிவிட்ட படிகங்கள் பாறையில் கிடைக்கின்றன. மெதுவாக மேலெழுந்த பாறையில், சூடு ஆறுவதற்குள் அழுத்தம் விலகியதால் நேர்ந்தது அது. வைரத்தின் உச்சியை நோக்கிக் கரி ஏறிக்கொண்டிருக்கிறது என்ற படத்தை இந்த ஒரு சான்று தலைகீழாக்கிவிடும்.

எனவே என் தேர்வு இது. முதல் பாடவேளையில் பாதியைப் பென்சிலுக்குக் கொடுங்கள்; மீதியில் வைரத்தையும் டைல்ஸ் தகட்டையும் டென்னன்டின் எடைகளையும் சொல்லுங்கள். அடுப்புக்கரிக்கு இறுதியில் ஐந்து நிமிடம் கிடைத்தால் மைநீர்ச் சோதனையைச் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். கார்பனுக்கு ஒரே ஒரு பாடவேளைதான் என்று அட்டவணை கட்டாயப்படுத்தினால், நிலக்கரியை அன்று பேசாதீர்கள். அரைகுறையாகப் பேசுவதில்தான் பிழை நுழைகிறது. நெய்வேலியிலோ சுற்றுவட்டாரத்திலோ கற்பிப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசையில் விலக்கு உண்டு. அங்கே பிள்ளைகளின் அப்பாவும் மாமாவும் சுரங்கத்துக்குப் போய்வருகிறவர்கள். நிலக்கரியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடம் நடத்துவது நடக்காத காரியம். அவர்கள் இரண்டு சோதனைக்குழாய்களில் தொடங்கட்டும், புகைவதையும் புகையாததையும் முதலில் காட்டட்டும், அதன்பின் புகையாத குழாயில் இருந்ததைப் பிள்ளைகளின் பென்சிலில் தேடிப்போகட்டும்.

மற்றவர்களுக்கு நிலக்கரி இரண்டாம் நாள். நெய்வேலித் துண்டு கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், மறுநாள்வரை உடையாமல் இருக்கும். வகுப்பில் அதைக் கைமாற்றிப் பார்க்கவிட்டு, குழாயைச் சூடேற்றி, நீர்த்துளி படிந்ததும் சுடரை நிறுத்தி, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடை வந்தபின், பலகையில் ஒரு பக்கம் தனிமத்தின் வடிவங்கள் என்றும் மறுபக்கம் கார்பன் மிகுந்த பாறைகள் என்றும் எழுதி, நிலக்கரியை எந்தப் பக்கம் எழுதுவது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.